பெயர் மாறாத கட்டம்

மழைக்காலத்தில் அலுவலக மேசை இழுப்பறையில் ஒரு மாற்றுச் சட்டை வைத்திருப்பது என் வழக்கம். ஜூன் மாதத்தில் கவாசாகியில் ரயிலை விட்டு இறங்கி அலுவலகம் வந்து சேர்வதற்குள், குடை பிடித்திருந்தாலும் தோள் நனைந்துவிடும். நனைந்த சட்டையோடு குளிர்சாதனத்துக்குக் கீழே உட்கார்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஐம்பத்தேழு வயதில் கழுத்துப்பிடிப்பு சீக்கிரம் போவதில்லை.

நேற்று அந்தச் சட்டையைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள், முனகாட்டா சென்செய். விசாரணைக் குழுவில் மற்ற இருவரும் பெரிய பெரிய கேள்விகளாகக் கேட்டார்கள். நீங்கள் வழக்கறிஞர் என்பதாலோ என்னவோ, சட்டையைக் கேட்டீர்கள். ஜூன் 27 அன்று ஒரு பொட்டு மழை இல்லையே, அன்றைக்கு எதற்கு என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். வரிசையாகச் சொன்னால்தான் புரியும். எழுதிக்கொள்ளுங்கள், நான் மெதுவாகவே பேசுகிறேன்.

என் பெயர் குரேமட்சு யோஷினாரி. பத்தொன்பது வருடங்களாக நான் பார்ப்பது ஒரே வேலை. ஒரு பெரிய கணினி திடீரென்று செத்துப்போனால், அந்த நொடியில் அதன் நினைவகத்தில் இருந்தது முழுவதையும் ஒரு கோப்பில் கொட்டிவிட்டுச் சாகும்படி ஏற்பாடு உண்டு. அந்தக் கோப்பை டம்ப் என்போம். திறந்து பார்த்தால் வெறும் எண்கள். தலைப்பு கிடையாது, இடைவெளி கிடையாது, கோடிக்கணக்கான எண்கள். அதைப் படிக்க ஒரு கருவி இருக்கிறது. எங்கிருந்து எத்தனையாவது எண் எதைக் குறிக்கிறது என்பது அந்தக் கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த எண் ஒரு நிரலின் பெயர், இது அதன் நிலைமை, இது அது எதற்காகக் காத்திருக்கிறது என்று. அது தெரிந்தால் கணினி ஏன் செத்தது என்று சொல்லிவிடலாம்.

கணினியின் உட்கருவை, கெர்னல் என்பார்கள், எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும். ஒவ்வொன்றிலும் உள்ளமைப்பு மாறும். ஒரு கட்டம் இடம் மாறும், ஒன்று இரண்டாகப் பிரியும், ஒன்று காணாமலே போகும். மாற்ற மாட்டோம் என்று அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. அவர்கள் மேல் தவறும் இல்லை. வீட்டுக்காரர் தன் அலமாரியை நகர்த்தி வைப்பதற்கு, என்றைக்கோ பிரேதப் பரிசோதனைக்கு வரப்போகிறவரிடம் அனுமதி கேட்க மாட்டார். மாற்றத்தைத் தேடிப் படித்து, கருவியைத் திருத்துவது என் பாடு. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒரே கருவி படிக்க வேண்டும், ஏனென்றால் எந்த வயதுப் பிணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அப்படி நான் கையால் பார்த்துக்கொண்டிருந்த இடங்கள் அறுநூற்று நாற்பது.

போன அக்டோபரில் சேமிப்பகப் பிரிவிலிருந்து நகுமோ சாட்சுகி எங்கள் பிரிவுக்கு வந்தார். வயது நாற்பத்தொன்று. ஒசாகாக்காரர், வாய் சும்மா இருக்காது. இப்போதெல்லாம் கெர்னல் தன் உள்ளமைப்பின் வரைபடத்தைத் தானே தன்னோடு வைத்திருக்கிறது. கருவி நேராக அந்த வரைபடத்தைப் படித்துக்கொண்டால், எந்தக் கட்டம் எங்கே போனாலும் தானாகவே பின்தொடர்ந்து போகும், கையால் எதையும் திருத்த வேண்டாம் என்பது அவர் யோசனை. சரியான யோசனை. செய்த விதமும் சுத்தம். அதை உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்கு நியாயம் செய்த மாதிரி இருக்கும்.

அக்டோபர் கடைசி வாரம் கேன்டீனில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நகுமோ சான் எதிரில் வந்து உட்கார்ந்தார். கூடவே எங்கள் பிரிவுத் தலைவர் சுகாகோஷி. அவரை நாங்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை, கச்சோ என்பதோடு சரி.

“இன்னிக்கும் சுட்ட கானாங்கெளுத்தியா?” என்றார் நகுமோ சான். “குரேமட்சு சான், உங்க தல தெரிஞ்சாலே அந்த மீனெல்லாம் தானா வந்து தட்டுல படுத்துக்குமாம்.”

“நல்லா இருக்கு,” என்றேன்.

“நான் ஒண்ணு சொல்லட்டா? ஒங்க தலைய ஒரு டம்ப் எடுத்து வெச்சிரணும். அறுநூத்தி நாப்பது எடமும் அதுக்குள்ளதானே கெடக்கு. நாளைக்கே தமா ஆத்தங்கரைல சைக்கிள்லேந்து விழுந்து வெச்சீங்கன்னா? அப்புறம் எவன் வந்து படிக்கிறது?”

“தெறந்து பாத்தா உள்ள மீன்தான் இருக்கும்,” என்றார் கச்சோ. அவருக்குச் சிரித்தால் கண்ணில் தண்ணீர் வரும். துடைத்துக்கொண்டார். “அதுக்குத்தானே ஒங்கள இங்க கூட்டியாந்தேன், நகுமோ சான். ஏப்ரலுக்குள்ள முடிச்சிருங்க. அப்புறம் குரேமட்சு சான் நிம்மதியா இருப்பாரு. அறுநூத்தி நாப்பதையும் மறந்துட்டு மீன மட்டும் ஞாபகம் வெச்சுக்கட்டும்.”

“அதுவும் எதுக்கு? மீனையும் மெஷின்கிட்டயே குடுத்துருவோம்.”

நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் அது தவறாக இருக்கும்.

எங்கள் வேலையில் ஒரு நடைமுறை உண்டு. கருவியில் யாராவது ஒரு மாற்றம் செய்தால், அதை அஞ்சல் குழுவில் எல்லோருக்கும் அனுப்புவார். ஒரு வாரத்துக்குள் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும். நகுமோ சான் தன் மாற்றத்தை ஜனவரியில் அனுப்பினார். நான் ஒன்றும் எழுதவில்லை. ஒரு வாரம் போனது. மாற்றம் சேர்ந்தது. ஏப்ரலில் அவருடைய பதிப்புதான் நிறுவனத்தின் அதிகாரபூர்வமான கருவி ஆனது. என் பதவிப் பெயருக்குப் பின்னால் ‘ஆலோசகர்’ என்று ஒரு சொல் சேர்ந்தது. மேசை ஜன்னல் பக்கம் மாறியது. ஆலோசகர் என்றால், கேட்டால் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. நான் அதை அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

இனி மருத்துவமனை.

நீகாட்டா பக்கம், கடலோரத்தில் இருக்கிற அந்த மருத்துவமனையில் தீவிர கண்காணிப்புப் பிரிவு ஒன்று உண்டு, பதினெட்டுப் படுக்கைகள். ஒவ்வொரு படுக்கையிலும் உள்ள கருவி நாடித்துடிப்பையும் மூச்சையும் எங்கள் கணினிக்கு அனுப்பும். கணினி அதைத் தாதியர் மேசையில் உள்ள பெரிய திரையில் காட்டும். அளவு தப்பினால் படுக்கையருகே சத்தம் வராது, தாதியரின் கைப்பேசிகளில்தான் மணியடிக்கும். மே 23 அன்று புதிய கெர்னலோடு அதை இயக்கி வைத்தார்கள். ஜூன் 9 மதியம் உறைந்து நின்றது.

அந்தக் கணினியில் ஒரு காவல் நிரல் இருந்தது. இரண்டு நொடிக்கு ஒருமுறை வந்து, புதிய அளவுகள் வருகின்றனவா என்று எட்டிப் பார்க்கும். வராவிட்டால் திரையைச் சாம்பல் நிறமாக்கிவிடும். திரையில் இருப்பதை நம்பாதே என்பதற்கு அதுதான் அடையாளம். அன்றைக்கு அது தன் வேலையைச் செய்தது. தலைமைத் தாதி திரை சாம்பலானதைப் பார்த்ததும் படுக்கைகளின் பக்கத்தில் ஆட்களை நிற்க வைத்துவிட்டார். கணினி மறுபடி எழுந்துவர ஒன்பது நிமிடம் ஆனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை டம்ப் எங்களுக்கு வந்தது. நகுமோ சான் தன் கருவியில் போட்டுப் பார்த்தார். ஒரு கணினி உறைந்துபோனால் முதலில் பார்க்க வேண்டியது, எல்லா நிரல்களும் எந்த வாசலில் வரிசையில் நிற்கின்றன என்பது. நெடுநேரமாக நிற்பவர் யாரோ அவரிடம்தான் சிக்கல் இருக்கும். கருவி அந்த வரிசையை அச்சிட்டுக் கொடுக்கும். நேரத்தை அச்சிடாது, வரிசையை மட்டும்.

பத்தே முக்கால் மணிக்கு அவர் அந்தத் தாளோடு என் ஜன்னல் மேசைக்கு வந்தார்.

“குரேமட்சு சான், இதக் கொஞ்சம் பாருங்களேன். காவல் நிரல்தான் மொத ஆளா நிக்குது. பின்னாடி மத்த எல்லாரும் க்யூ. கடைசில இந்தக் குறிப்பு எழுதுற நிரல் நிக்குது.”

“சரி.”

“சரின்னா? பொருந்துற மாதிரியும் இருக்கு, இடிக்கிற மாதிரியும் இருக்கு. அது ரெண்டு செகண்டுக்கு ஒருதடவ எட்டிப் பாத்துட்டுப் போற அப்பாவி. அதுபோயி வாசல அடச்சிக்கிட்டு நிக்குமா? அதும் தெரைய வேற கரெக்டா சாம்பலாக்கியிருக்கு.”

நான் தாளைப் பார்த்தேன். அவர் என் மேசையிலிருந்த வறுத்த சோயா மொச்சையில் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கேட்காமல் எடுப்பார். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

“ஒங்களுக்குத்தான் இதுல மூக்கு வேர்க்குமே,” என்றார். “எனக்குத் தெரியாதது எதாச்சும் ஒங்களுக்குத் தெரியுமா?”

“வரைபடம் என்ன சொல்லுது?”

“அது இதத்தான் சொல்லுது.”

“கெர்னலே குடுத்த வரைபடம். கட்டம் எங்க இருக்குன்னு அதுல தப்பு வராது.”

“அப்ப முத்திர குத்திருவீங்களா? கச்சோ சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் வேணும்னு என் உயிர வாங்குறாரு.”

“குத்துறேன்.”

கட்டம் எங்கே இருக்கிறது என்பதில் தவறு இல்லை என்று சொன்னேன். அது உண்மை. நீங்கள் வேண்டுமானால் யாரிடமும் விசாரித்துக்கொள்ளலாம்.

தவறு எங்கே என்றால், கருவி அந்த வரிசையை ஒரே ஒரு கட்டத்தைப் பார்த்துத்தான் அடுக்கும், சிறிய எண் முதலில். முன்பெல்லாம் அந்தக் கட்டத்தில் ஒரு நிரல் காத்திருக்கத் தொடங்கிய நேரம் இருக்கும். எண் சிறியதாக இருந்தால் வெகு முன்பே வந்தவர் என்று பொருள். புதிய கெர்னலில் அதே இடத்தில், அதே பெயரில், அதே அகலத்தில், எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார் என்ற அளவை வைத்துவிட்டார்கள். இப்போது எண் சிறியதாக இருந்தால் சற்றுமுன் வந்தவர். மருத்துவரின் வரவேற்பறையில் ஒன்பது மணிக்கு வந்தவருக்கு ஒன்பது என்றும் பதினொன்றுக்கு வந்தவருக்குப் பதினொன்று என்றும் எழுதிக்கொண்டிருந்த பெண், ஒருநாள் முதல் காத்திருந்த நிமிடங்களை எழுத ஆரம்பித்தால் என்ன ஆகும். சீட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறவர் கடைசியில் வந்தவரை முதலில் கூப்பிடுவார். வரிசை அப்படியே தலைகீழாகிவிடும். வரைபடத்தில் இது தெரியாது. கட்டம் எங்கே என்பதுதான் வரைபடத்தில் இருக்கும். உள்ளே இருப்பதற்கு என்ன பொருள் என்பது இருக்காது.

என் பழைய கைப்பதிப்பில் இதற்கான திருத்தம் இருந்தது. ஒரே ஒரு வரி. நகுமோ சான் போன பிறகு, பதினொன்று இருபதுக்கு, அதே டம்பை என் பதிப்பில் போட்டுப் பார்த்தேன். வரிசை திரும்பி நின்றது. குறிப்பு எழுதும் நிரல் முதலில், அப்பாவியான காவல் நிரல் கடைசியில். நீங்கள் என் கணினியில் கண்டெடுத்த பதிவு அதுதான். ஜூன் 27 அன்று நாற்பது நிமிடத்தில் கண்டுபிடித்ததாக நான் சொன்ன விடை, பதினேழு நாள் முன்பே என் கணினியில் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். இப்படித்தான் இருந்தது.

அறிக்கை மாலை நான்கு மணிக்கு வந்தது. மருத்துவமனைக்குப் போகும் அறிக்கைகள் இன்றும் தாளில்தான் போகும். எழுதியவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று பெட்டிகள். சரிபார்த்தவர் பெட்டி எனக்கு. முத்திரையைக் கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்துக் குத்தினேன். இடதுபக்கப் பெட்டியில் கச்சோவின் முத்திரை வரும், அதைப் பார்த்து வணங்குகிற மாதிரி சாய்த்துக் குத்துவது எங்கள் பிரிவில் மரியாதை. நகுமோ சானின் முத்திரை நெட்டுக்குத்தாக நின்றது.

“என்னோடது குனியாது,” என்றார். “அதுக்கு முதுகுவலி.”

அறிக்கையில் பரிந்துரை என்று ஒரு வரி இருந்தது. திருத்திய பதிப்பு வரும்வரை காவல் நிரலை நிறுத்தி வைக்கவும். காவல் நிரல்தான் குற்றவாளி என்றால் அது சரியான பரிந்துரைதான். அந்த வரியைப் படித்தேன். படிக்காமல் குத்தினேன் என்று சொல்லி நான் உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. படித்தேன். இனி கணினி உறைந்தால் திரை சாம்பலாகாது, கடைசியாக வந்த அளவுகளைக் காட்டிக்கொண்டே நிற்கும் என்பதும் எனக்குப் புரிந்தது. அதன் பிறகுதான் குத்தினேன்.

அன்று மாலையே இன்னொன்றையும் பார்த்துவைத்தேன். மணியடித்ததையெல்லாம் குறிப்பு எழுதும் அந்த நிரல், ஒவ்வொரு எச்சரிக்கை மணி ஒலிக்கும்போதும் நினைவகத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல் விட்டிருந்தது. டம்பில் அந்தத் துண்டுகள் எத்தனை என்று தெரியும். அந்தப் பிரிவில் ஒரு நாளைக்குச் சராசரி எத்தனை மணி ஒலிக்கிறது என்பதும் தெரியும். நினைவகம் நிரம்பி உறையும்வரை, மே 23 முதல் ஜூன் 9 வரை பதினேழு நாள் தாங்கியது. மறுபடியும் பதினேழு, மிஞ்சினால் பதினெட்டு நாள் தாங்கும். ஜூன் 26 அல்லது 27.

இடையில் பதினேழு நாள் இருந்ததே என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. ஒவ்வொரு நாள் காலையும் நகுமோ சான் என் மேசையைக் கடந்துதான் போவார். “மொச்ச தீந்துருச்சா, குரேமட்சு சான்? வாங்கி வைக்கிறது?” என்பார். வாங்கி வைத்தேன். ஒருநாள் அவராகவே, “அந்த நீகாட்டா கேஸ் இன்னும் எனக்கு உள்ள உறுத்திக்கிட்டே இருக்கு,” என்றார். “மறுபடி நின்னா தெரியும்,” என்றேன். “அய்யய்யோ, வாய வெச்சிராதீங்க,” என்றார்.

நான் விரும்பியது என்ன என்று சொல்லிவிடுகிறேன். யாரும் சாக வேண்டும் என்று நான் விரும்பவில்லை. வரைபடம் போதாது, ஓர் ஆள் வேண்டும் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். அது வாயால் சொல்லித் தெரியாது. பத்தொன்பது வருடமாகக் கூட்டங்களில் நான் வாயால் சொன்ன எதுவும் குறிப்பில்கூட ஏறியதில்லை. கணினி இன்னொரு தடவை நின்றால் தெரியும். பகலில் நிற்கும், தாதியர் கண்ணெதிரே இருப்பார்கள், படுக்கைப் பக்கத்திலேயே கருவிகள் இருக்கின்றன, அதில் எண்கள் தெரியும். இப்படியெல்லாம் நினைத்தேன். இது நியாயமான எதிர்பார்ப்பு என்று இப்போதும் தோன்றுகிறது.

ஜூன் 27. வானம் தெளிவாக இருந்தது. வீட்டிலிருந்து புதிதாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைக் கொண்டுபோய் இழுப்பறையில் வைத்தேன். அதோடு ஒரு டையும் வைத்தேன். டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கச்சோ சொல்லியிருப்பார். கறுப்பு டை, துக்க வீட்டுக்குக் கட்டுவது. எதற்கும் இருக்கட்டும் என்று வைத்தேன்.

மதியம் இரண்டு பத்துக்கு நின்றது. திரை சாம்பலாகவில்லை. பதினெட்டுப் படுக்கைகளின் அளவுகளும் ஒழுங்காக, அழகாகத் தெரிந்துகொண்டிருந்தன. எல்லாம் இரண்டு பத்தின் அளவுகள். எந்தக் கைப்பேசியிலும் மணி அடிக்கவில்லை. எல்லோரும் அமைதியாக இருக்கிறார்கள் என்று நம்பித் தாதியர் மருந்து மாற்றுவதிலும் குறிப்பு எழுதுவதிலும் இருந்தார்கள். திரை சரியாக இருந்தால் படுக்கைக்குப் போய்ப் பார்க்கத் தேவையில்லை என்பதற்காகத்தானே அந்தத் திரை. இருபத்து மூன்று நிமிடம் கழித்து, ஒரு நோயாளியைப் பார்க்க வந்த மனைவி, அவருடைய உதடு நீலமாக இருக்கிறதே என்று மேசைக்கு வந்து கேட்டார். அங்கே இருந்த தாதி திரையைக் காட்டி, “இல்லம்மா, மூச்சு நல்லாத்தான் இருக்கு, பாருங்க,” என்றாராம். அது விசாரணைக் கோப்பில் இருக்கிறது. நான் படித்தேன்.

மூன்று பேர். படகுத்துறையில் டிக்கெட் கொடுத்து ஓய்வுபெற்ற ஒருவர், எழுபத்தொரு வயது. பேரிக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஒரு பெண், அறுபத்தாறு. தபால்காரர் ஒருவர், இருபத்தொன்பது. அவர் மறுநாள் சாதாரண வார்டுக்குப் போக வேண்டியவர்.

எங்களுக்குத் தகவல் வரும்போது மணி மூன்று. நாற்பது நிமிடத்தில் நான் சரியான விடையைக் கொடுத்தேன். உண்மையில் ஐந்து நிமிடத்தில் கொடுத்திருக்கலாம். சற்று இடைவெளி விடுவது நல்லது என்று தோன்றியது. கச்சோ நின்றபடியே என் முன்னால் குனிந்தார், தொண்ணூறு டிகிரி. பிரிவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நீங்க இல்லன்னா...” என்றார்.

நகுமோ சான் தன் தாளையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் பார்த்தார்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றார்.

“அனுபவம்,” என்றேன்.

தலையாட்டினார். “நான் இடிக்குதுன்னு சொன்னேன்ல, குரேமட்சு சான். சொன்னேன்ல. அங்கயே நின்னிருக்கணும். என் புத்தி.”

மருத்துவமனைக்கு யார் போவது என்று பேச்சு வந்தது. நான் போகத் தயாராக இருந்தேன். சட்டை அதற்காகத்தான், சென்செய். கண்டுபிடித்தவன் என்ற முறையில் நான் போய் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அறிக்கையில் எழுதியவர் பெட்டியில் நகுமோ சானின் முத்திரை இருந்தது. நெட்டுக்குத்தாக. அவரும் கச்சோவும் போனார்கள். கச்சோவிடம் கறுப்பு டை இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். “நல்லவேள, வெச்சிருந்தீங்க,” என்றார்.

மூன்று குடும்பங்களின் முன்னாலும் நகுமோ சான் தரையில் நெற்றி பட மண்டியிட்டார் என்று கச்சோ சொன்னார். தபால்காரரின் அம்மா அவரை எழுப்பப் பார்த்தாராம், அவர் எழவில்லை. ஜூலை முதல் வாரத்தில் வேலையை விட்டார். கருவி மறுபடி என் கைக்கு வந்தது. ‘ஆலோசகர்’ என்ற சொல் போனது. மேசையும் பழைய இடத்துக்கு வந்தது.

ஆகஸ்டில் அவரிடமிருந்து ஒரு அஞ்சல். ஒசாகாவில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். வெளியே அதிகம் போவதில்லையாம். என்னால் உங்களுக்கு எவ்வளவு சிரமம், மன்னித்துவிடுங்கள், உங்கள் பேச்சை அப்போதே மதித்திருந்தால் என்று எழுதியிருந்தார். எந்தப் பேச்சு என்று தெரியவில்லை. நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பதில் எழுத நினைத்தேன். இன்னும் எழுதவில்லை.

வரிசையாகச் சொல்கிறேன் என்று தொடங்கினேன். ஒன்றை விட்டுவிட்டேன். அது போன நவம்பரில் நடந்தது, முதலில் வந்திருக்க வேண்டியது. நீங்கள் இதுவரை கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் அது அஞ்சல் குழுவில் இல்லை, என் சொந்தப் பெட்டியில் இருக்கிறது.

அந்தக் கட்டத்தின் பொருளை மாற்றியவர் போலந்துக்காரர், ஸ்லாவோமிர் என்று பெயர். கெர்னல் எழுதுகிறவர்களில் இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. மாற்றுவதற்கு முன்னால் எனக்குத் தனியாக எழுதிக் கேட்டார். பொருள் மாறுவதால் கட்டத்தின் பெயரையும் மாற்றிவிடட்டுமா என்று. பெயரை மாற்றினால் டம்ப் படிக்கிற கருவிகள் எல்லாம் அந்தக் கட்டத்தைக் காணவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும், எல்லோருக்கும் தொந்தரவு, ஆனால் யாரும் ஏமாற மாட்டார்கள். மாற்றாவிட்டால் கருவிகள் நிற்காது, தவறாகப் படித்துக்கொண்டே போகும். உங்கள் கருவிக்கு எது வசதி என்று கேட்டிருந்தார்.

கேன்டீனில் மீனைப் பற்றிப் பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது. நகுமோ சானின் பதிப்பு பெயரைத்தான் தேடும் என்று எனக்குத் தெரியும். பெயர் இருந்தால் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நிற்கும், அவர் என்னவென்று பார்ப்பார், அரை மணியில் சரிசெய்துவிடுவார்.

இரண்டு வரியில் பதில் எழுதினேன். பெயரை மாற்ற வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்றைக்கே என் கைப்பதிப்பில் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். ஆக, பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதை நான் மீறவில்லை. பத்தொன்பது வருடத்தில் என் பதிப்பு ஒருதடவைகூடத் தவறான விடை அச்சிட்டதில்லை. ஜூன் 10 அன்றும் அது சரியாகத்தான் அச்சிட்டது. யாருக்கும் நான் பொய் சொல்லவில்லை. யாரிடமிருந்தும் எதையும் மறைக்கவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நகுமோ சானிடம் இதைச் சொல்வீர்களா என்று தெரியவில்லை. சொன்னால் அவருக்குத் தூக்கம் வரலாம், வராமலும் போகலாம். அந்த மூன்று பேருக்கு இதனால் ஒன்றும் மாறப்போவதில்லை. என் முத்திரையையும் அலுவலக அட்டையையும் நேற்றே உங்கள் உதவியாளரிடம் கொடுத்துவிட்டேன். கணினியைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். சரி.

கெர்னலின் அடுத்த பதிப்பு பதினொரு நாளில் வெளிவருகிறது. அதில் இதே மாதிரி இரண்டு கட்டங்கள் பெயர் மாறாமல் பொருள் மாறுகின்றன. ரயில் சமிக்ஞைப் பிரிவு இலையுதிர்காலத்தில் அதற்கு மாறுவதாகக் கேள்விப்பட்டேன். இந்த மூன்று நாளில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன், சென்செய். அந்த இரண்டும் எவை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.